மெக்கன்சி சுவடிகளும் அவற்றின் அட்டவணைகளும்

ஒரு நூலைக் குறித்து, ‘இஃது இன்று கிடைத்திலது’ என்று ஆராய்ச்சியாளர் எழுதுங்கால், அம்முடிவு எதன்மேல் நிற்கின்றது என்று வினவுதல் வேண்டும். சில ஆய்வேடுகளில் அது, சுவடி நூலக அட்டவணையில் அப்பெயர் காணப்படவில்லை என்ற ஒன்றன்மேலேயே நிற்கின்றது. அட்டவணையில் இன்மை வேறு. உலகில் இன்மை வேறு. அட்டவணையும் ஒருவர் ஒரு காலத்தில் ஒரு நோக்கத்தோடு எழுதிய நூலேயாகும். ஆதலின் மூலபாட ஆராய்ச்சியில் நாம் மேற்கொள்ளும் ஐயமும் ஒப்புநோக்கும் அதற்கும் உரியன. மெக்கன்சி தொகுதியின் அட்டவணைகளைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

1. தொகுதியின் வரலாறு

காலின் மெக்கன்சி 1815-இல் இந்தியாவின் தலைமை நில அளவையாளராக அமர்த்தப்பெற்று, 1821-இல் மறைந்தார். காவலி வேங்கட போரய்யா, இலட்சுமய்யா முதலிய உதவியாளர்களின் துணைகொண்டு அவர் ஓலைச்சுவடிகளையும், கல்வெட்டுப் படிகளையும், ஊர் வரலாறுகளையும் திரட்டினார். நாணயங்களும் வரைபடங்களும் ஓவியங்களும் இவற்றோடு சேர்ந்தன. அவர் மறைவுக்குப்பின் கிழக்கிந்தியக் கும்பினியார் இவற்றை விலைக்கு வாங்கினர். ஒரு பகுதி இலண்டனுக்குச் சென்றது. தென்னாட்டு மொழிச் சுவடிகளிற் பெரும்பகுதி சென்னைக்கு வந்தது. வந்தவை லெய்டன், பிரௌன் என்போர் தொகுதிகளோடு கூடி, 1869-இல் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கு அடிப்படையாயின. எனவே ஒருவர் தொகுத்தவை இன்று ஓரிடத்தில் இல்லை. ஓரிடத்தில் உள்ளவை எல்லாம் ஒருவர் தொகுத்தவையும் அல்ல. இதனை மறந்து தேடுவார் தொடக்கத்திலேயே வழி தவறுவர்.

2. வில்சனும் டெய்லரும்

முதல் விளக்க அட்டவணையை எச். எச். வில்சன் 1828-இல் கல்கத்தாவில் வெளியிட்டார். தொகுதியின் முழுப்பரப்பையும் ஒருங்கு காட்டுதல் அதன் சிறப்பு. ஆயின் வில்சன் வடமொழி வல்லுநர். தென்னாட்டு மொழிச் சுவடிகளுக்கு உதவியாளர் எழுதித் தந்த சுருக்கங்களையே நம்பினார். ஆகவே ஒரு தமிழ்ச் சுவடியைப்பற்றி அவர் கூறுவது நேர்ச்சான்று ஆகாது. பிறர்வாய்க் கேட்ட சான்றேயாம்.

வில்லியம் டெய்லர் தமிழ் கற்றவர். தமிழ் வரலாற்றுச் சுவடிகள் சிலவற்றை 1835-இலேயே மொழிபெயர்ப்போடு அச்சிட்டவர். 1838-இல் மெக்கன்சி சுவடிகளைப்பற்றி அறிக்கை எழுதியபின், 1857 முதல் 1862 வரை மூன்று தொகுதிகளாகப் பேரட்டவணை ஒன்றை வெளியிட்டார். சுவடியைத் தாமே படித்து எழுதினமையின் அவர் விளக்கம் வில்சனதினும் வலிமை உடையது. எனினும் நூலின் காலம், தகுதி பற்றிய தம் கருத்தை அவர் விளக்கத்தோடு விரவி எழுதுகின்றார். சுவடியில் உள்ளது இது, டெய்லர் கருதியது இது எனப் பிரித்துக் காணாமல் அவரை மேற்கோள் காட்டுதல் பொருந்தாது.

3. பெயரும் எண்ணும்

இவ்வட்டவணைகளும் நூலகம் பின்னர் வெளியிட்ட விளக்க அட்டவணைகளும் ஒரே சுவடிக்கு வெவ்வேறு எண்களைத் தருகின்றன. பழைய ஆய்வு நூலொன்றிற் காணும் எண்ணைக் கொண்டு இன்று சுவடியைக் கேட்போர் வேறொன்றைப் பெறுதல் கூடும்.

பெயரும் நிலையானதன்று. ஊர் வரலாறு ஒன்று கைபீது, சரித்திரம், விருத்தாந்தம், வமிசாவளி எனப் பலவாறு குறிக்கப்படும். கொங்குதேச ராசாக்கள் என்னும் நூற்பெயரில் ‘இராசாக்கள்’, ‘ராஜாக்கள்’ என்ற வேறுபாடுகளுக்கு இடமுண்டு. ஓலையிற் புள்ளி இன்மையும், காலுக்கும் ரகரத்துக்கும் வடிவு ஒன்றாதலும், எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடு இன்மையும் ஒரு பெயரைப் பலவாறு படிக்கச் செய்யும். மேலும் ஒரு கட்டிற் பல நூல்கள் இருத்தல் உண்டு. நாம் தேடுவது நூல். நூலகம் எண்ணிட்டு வைத்திருப்பதோ கட்டு. இரண்டாவது நூலைக் குறியாது விடும் அட்டவணை, அந்நூலை மறைத்துவிடுகின்றது. சுவடியின் தொடக்கத்தையும் முடிவையும் எடுத்துக் காட்டும் விளக்க அட்டவணைகள் இக்குறையைப் பெரிதும் போக்குவன. பெயர் ஏமாற்றும் இடத்து முதலடி கைகொடுக்கும்.

டி. வி. மகாலிங்கம் 1972, 1976 ஆகிய ஆண்டுகளிற் சென்னைப் பல்கலைக்கழக வாயிலாக வெளியிட்ட சுருக்கங்கள் வரலாற்று மாணவர்க்குப் பெருந்துணை. ஆயின் அவை ஆங்கிலத்தில் அமைந்தவை. சொல்லும் நடையும் ஆராயும் தமிழ் மாணவர் அவற்றை வாயிலாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது.

4. செய்யத்தக்கன

இக்காலக் கணிப்பொறி அட்டவணை விரைவு தருவது. ஆயினும் பழைய அட்டவணையிற் புகுந்த பிழை, திருத்தப்பெறாதவழி, அதனுள்ளும் புகும். ஒரு தொகுதி முழுமைக்கும் ஒரே பதிவு உள்ளவிடத்து, நூற்பெயரை இட்டுத் தேடினால் யாதும் தோன்றாது. அங்குத் தொகுத்தவர் பெயரால் தேடித் தொகுதியைக் கண்டு, அதன் உள்விவரப் பட்டியலைப் பின்னரே நாடல் வேண்டும். சென்னையிற் காணாததை இலண்டன் பிரித்தானிய நூலகத்து மெக்கன்சி தாள்களிலும் தேடுதல் கடன்.

இவற்றையெல்லாம் முயன்ற பின்னரும் நூல் அகப்படாதாயின், எவ்வெவ் அட்டவணைகளில், எவ்வெப் பெயர்களால் தேடினோம் என்பதை ஆய்வேட்டில் எழுதுதல் முறை. ‘இல்லை’ என்னும் ஒரு சொல் பின்வருவோர் தேடுதலையே நிறுத்திவிடும் ஆற்றல் உடையது. வில்சன், டெய்லர், நூலக அட்டவணைகள் ஆகியவற்றின் எண்களை ஒருங்கு நிறுத்தும் ஒப்பீட்டுப் பட்டியல் ஒவ்வொரு தமிழ்த்துறை மாணவர் கையிலும் இருத்தல் வேண்டும். அதனைச் செம்மையுறச் செய்தல், புதுச் சுவடி ஒன்றைக் கண்டு பதிப்பித்தலினும் தாழ்ந்த பணி அன்று.