எல்டன் ரிங்: ஆதி டிராகன்களும் ஊகத்தின் எல்லையும்

எல்டன் ரிங், ஜப்பானைச் சேர்ந்த ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்த கணினி விளையாட்டு ஆகும். இதன் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி. விளையாட்டு தொடங்கும் காலத்துக்கு முற்பட்ட தொன்மக் கதைக்கு அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பங்களித்துள்ளார். இதில் எந்த வரி யாருடையது என்று பிரித்துப் பார்க்க முயல்வோர் உண்டு. அதனால் கதை விளங்கப்போவதில்லை என்பதால் இக்கட்டுரை அதற்குள் செல்லவில்லை.

இந்த உலகின் வரலாற்றை யாரும் முறையாகச் சொல்வதில்லை. வாள், கேடயம், தாயத்து, கல் ஆகியவற்றுக்குத் தரப்பட்டுள்ள இரண்டு மூன்று வரிக் குறிப்புகளில் அது சிதறிக் கிடக்கிறது. சிறுவயதில் ஆங்கில நூல்களை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, புரியாத பகுதிகளைக் கற்பனையால் நிரப்பிப் படித்ததாக மியாசாகி நேர்காணலில் கூறியுள்ளார். அந்தப் பழக்கத்தையே அவர் விளையாடுவோருக்கும் விட்டுவைத்திருக்கிறார். இடைவெளி இருந்தால் ஊகம் பிறக்கும். ஆனால் எல்லா ஊகமும் ஒரே தரமுடையதன்று. ஆதி டிராகன்களைப் பற்றிய ஊகங்களை வைத்து இதைத் தெளிவாகக் காட்டலாம்.

(டிராகன் என்பதற்கு ‘யாளி’ என எழுதலாமே என்று சிலர் கேட்பர். யாளி கோயில் தூணில் நிற்பது; பறப்பதுமில்லை, நெருப்பு உமிழ்வதுமில்லை. டிராகன் டிராகனாகவே இருக்கட்டும்.)

முதலில் உறுதியாக உள்ளவை. ஆதி டிராகன்களின் உடல் கற்செதில்களால் ஆனது. அவற்றின் சாகாத்தன்மைக்கு அச்செதிலே காரணம் எனக் கருதப்படுகிறது. எர்ட்ட்ரீ என்னும் பொன்மரம் தோன்றுவதற்கு முன்பே அவை ஆட்சி செய்தன. தம் அரசனைச் சூழ்ந்து உயிருள்ள பாறைச் சுவராக நின்றன. இச்செய்தி எங்கே இருக்கிறது தெரியுமா? அடி தாங்குவதற்காக அணியும் ஒரு தாயத்தின் குறிப்பில். அவசரமாக விளையாடுபவர் கண்ணில் படவே படாது.

அந்த அரசன் பெயர் பிளாசிடுசாக்ஸ். வானில் இடிந்துகொண்டிருக்கும் ஃபாரம் அசுலாவில், காலத்துக்கு அப்பாற்பட்ட புயலின் நடுவே அவன் இருக்கிறான். பொன்மரத்துக்கு முந்தைய யுகத்தில் அவனே ‘எல்டன் லார்ட்’ என்று குறிப்பு சொல்கிறது. அவனுடைய கடவுள் அவனை விட்டு நீங்கிவிட்டது. திரும்பி வரும் என்று அவன் காத்திருந்தான்.

டிராகன் கதையில் மிக முக்கியமான செய்தி இதுவே என்பது என் கருத்து. பொன்மரமும் மரிகாவின் ஆட்சியும் என்றென்றைக்கும் உரியவை என்ற எண்ணத்தில்தான் தலைநகர் லேண்டெல் வாழ்கிறது. ஆனால் நாம் அடையத் துடிக்கும் அதே பட்டம் முன்பே வேறொருவனிடம் இருந்திருக்கிறது. அவனுக்கும் ஒரு கடவுள் இருந்தது. ஆகவே மரிகாவின் ஆட்சி பல ஆட்சிகளுள் ஒன்று மட்டுமே. இதை அறிய ஊகம் தேவையில்லை. குறிப்பை ஒழுங்காகப் படித்தாலே போதும்.

அப்படியானால் ஓடிப்போன அந்தக் கடவுள் யார்? ஊகம் இங்கேதான் தடம் மாறுகிறது. கடவுளரைக் கொல்லும் காட்ஸ்கின் கூட்டத்தின் தலைவியான ‘குளோம்-ஐட் குவீன்’தான் அக்கடவுள் என்பது ஒரு சாரார் கூற்று. காட்ஸ்கின் இருவர் ஃபாரம் அசுலாவில் நிற்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆனால் அதே இடத்தில்தான் மாலிகெத்தும் இருக்கிறான். அந்த அரசியைத் தோற்கடித்தவன் அவன். அவர்களுடைய வலிமைக்கு மூலமான மரணத்தைத் தன் வாளில் கட்டிவைத்திருப்பவனும் அவன். அவர்கள் அதைத் தேடி வந்திருக்கலாம் என்பதே எளிய விளக்கம். டிராகன் அரசனோடு அவர்களை இணைக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும் இக்கருத்தை ‘என்பதாகும்’ என்று முடித்து, உறுதியான செய்தி போல எழுதுகிறவர்கள் உள்ளனர். அதை அடுத்தவர் எடுத்தெழுதுகிறார். மூன்றாமவர் இருவரையும் சான்றாகக் காட்டுகிறார். மாணவர்கள் வரலாற்றுக் கட்டுரையில் இவ்வாறு எழுதினால் நான் மதிப்பெண் கொடுத்ததில்லை.

நல்ல ஊகத்துக்கும் எடுத்துக்காட்டு உண்டு. பிளாசிடுசாக்ஸுக்கு இப்போது இரண்டு தலைகளே உள்ளன. அறுபட்ட கழுத்துகளின் அடிப்பகுதியும் தெரிகிறது. 2022இலேயே இதைக் கவனித்தவர்கள், ஏதோ ஒரு பெரும் போர் நடந்திருக்க வேண்டும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டனர். 2024 ஜூன் 21 அன்று ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ என்ற விரிவாக்கம் வந்தது. அதில் பெய்ல் என்னும் டிராகன், அரசனை எதிர்த்துப் போரிட்டு அவனைக் கடுமையாகக் காயப்படுத்தித் தோற்றவன் என்று தெரிந்தது. பெய்லின் உடலில் அரசனின் தலைகள் இன்னும் கவ்விக்கொண்டிருக்கின்றன! கண்ணில் பட்டதிலிருந்து புறப்பட்டு, அது கொண்டுசேர்த்த இடத்திலேயே நின்ற ஊகம் தவறவில்லை.

லேண்டெல் போரைப் பற்றிய வாதம் இன்னும் சுவையானது. கிரான்சாக்ஸ் என்னும் டிராகன் தலைநகரைத் தாக்கியது; அந்நகரின் மதில் உடைந்தது அந்த ஒருமுறைதான். அதன் பேருடல் இன்றும் நகரின்மேல் கல்லாகக் கிடக்கிறது. நாம் அதன்மீது ஏறி நடக்கிறோம். இழந்த ஆட்சியை மீட்கவே அவை வந்தன என்பர். காரணம் எங்கும் சொல்லப்படவில்லை என்றாலும் இது பொருந்தாத ஊகமன்று. ஆனால் பின்னர் நடந்ததை இது விளக்கவில்லை. மரிகாவின் மகன் காட்வின், ஃபோர்டிசாக்ஸ் என்னும் டிராகனை வென்று நண்பனாக்கிக்கொண்டான். அதன் சகோதரி லான்செயாக்ஸ் மனித உருவெடுத்து, வீரர்களோடு பழகிப் பூசாரியாக இருந்தாள். ஆதி டிராகன் வழிபாடு தலைநகரிலேயே வேரூன்றியது. மதிலை உடைத்தவர்களின் மின்னலை வென்றவர்கள் மந்திரமாகக் கற்றனர்.

ஆகவே இதை வெறும் வெற்றி தோல்விக் கதையாகச் சுருக்குவது சரியன்று. காட்வின் கொலையுண்ட பின்னும் ஃபோர்டிசாக்ஸ் அவனைக் கைவிடவில்லை. அவனுள் பரவிய மரணத்தோடு ஓயாமல் போரிட்டு, முடிவில் தானே அதனால் கெட்டுப்போனது. கனவுக்குள் நாம் சந்திக்கும் அந்த டிராகனைக் கொன்றால்தான் அந்தக் கிளைக்கதை நகரும். நண்பனுக்குக் காவல் நின்றதைக் கொல்கிறோம் என்பதை விளையாட்டு அங்கே சொல்வதில்லை.