லா சப்பல் முதல் ஸ்தேன் வரை: பாரிஸ் தமிழர் வாசிப்பும் கறுப்பின எழுத்தாளரின் பிரெஞ்சுப் புனைகதைகளும்

பாரிஸில் கார் து நோர் தொடருந்து நிலையத்துக்கும் லா சப்பல் மெட்ரோ நிலையத்துக்கும் இடைப்பட்ட தெருக்களில் தமிழ்க் கடைகள் செறிந்துள்ளன. லா சப்பலுக்கு அடுத்த மெட்ரோ நிலையம் பார்பெஸ். அதற்கப்பால் உள்ள ஷாத்தோ ரூஜில் ஆப்பிரிக்கக் கிழங்குகளும் மீனும் துணிகளும் விற்கும் சந்தை கூடுகிறது. கார் து நோரில் ஆர்.ஈ.ஆர். டி தடத்தில் ஏறுவோர் சிறிது நேரத்தில் வடக்குப் புறநகரான ஸ்தேனை அடைகின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் வந்த குடும்பங்களும் ஈழத்தமிழ்க் குடும்பங்களும் அங்கு அயலவராக வாழ்கின்றன. உணவகச் சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் இவர்கள் தோளோடு தோள் நின்று உழைக்கின்றனர். இந்த நெருக்கம் தமிழரின் வாசிப்பில் எந்த அளவுக்கு இடம்பெற்றுள்ளது என்பது ஆராயத்தக்கது.

தமிழில் உள்ளவை

கறுப்பின இலக்கியம் தமிழுக்குப் புதியதன்று. இந்திரன் 1982இல் ‘அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்’ என்னும் தொகுப்பை அளித்தார். சினுவா அச்செபேயின் முதல் நாவலை ஈழத்தவரான என்.கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்னும் பெயரில் தமிழாக்கினார். கூகி வா தியாங்கோ கிக்கூயு மொழியில் எழுதிய நாவல் அமரந்தா, சிங்கராயர் ஆகியோரின் மொழிபெயர்ப்பில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ ஆயிற்று. அலெக்ஸ் ஹேலியின் நூலை ஏ.ஜி. எத்திராஜுலு ‘ஏழு தலைமுறைகள்’ என மொழிபெயர்த்தார். பாரிஸிலிருந்து சுகனும் ஷோபாசக்தியும் 2002இல் தொகுத்தளித்த நூலின் பெயரே ‘கறுப்பு’ என்பதாகும்.

இவை மதிக்கத்தக்க பணிகள். எனினும் மேற்குறித்த மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்தவை. குடியேற்ற ஆட்சி, அடிமை முறை, விடுதலைப் போராட்டம் ஆகியவையே தேர்வின் அளவுகோலாக அமைந்தன. பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வரும் வழியும் உண்டு. வெ. ஸ்ரீராமின் ‘அந்நியன்’, அவரும் மதனகல்யாணியும் இணைந்து தந்த ‘குட்டி இளவரசன்’ ஆகியவை அவ்வழி வந்தவை. ஆயினும் அவ்வழியில் தமிழை வந்தடைந்த கறுப்பின எழுத்தாளர் மிகச் சிலரே. இதன் விளைவாக, பாரிஸ்த் தமிழ் வாசகர் நைஜீரியச் சிற்றூரின் ஒக்கொங்வோவை அறிந்திருக்கலாம். தம் மாடிப்படியில் எதிர்ப்படும் செனகல் பெண்ணின் கதையை அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

பாரிஸோ இவ்விலக்கியத்தின் தலைமைக் களங்களுள் ஒன்று. ரெனே மரான் ‘பத்துவாலா’ நாவலுக்காகக் கொங்கூர் பரிசு பெற்றது 1921இல். அலியூன் தியோப் ‘பிரெசான்ஸ் அஃப்ரிக்கேன்’ இதழைத் தொடங்கியது 1947இல். செனகல் எழுத்தாளர் முகமது எம்புகார் சார் அதே கொங்கூர் பரிசைப் பெற்றது 2021இல்.

பரிந்துரைக்கத்தக்க நாவல்கள்

முதலில் வைக்கத்தக்கது ஃபத்து தியோமின் ‘அத்திலாந்திக்கின் வயிறு’ (2003). ஸ்திராஸ்பூரில் வாழும் சாலி, செனகல் தீவில் உள்ள தம்பியோடு தொலைபேசியில் பேசுகிறாள். பிரான்சுக்கு வந்து காற்பந்து வீரனாவது தம்பியின் கனவு. அவ்வூரில் ‘பார்பெஸ் மனிதர்’ என அறியப்படும் ஒருவர் உண்டு. பிரான்சில் பட்ட சிறுமைகளை மறைத்து, செல்வக் கதைகளை மட்டும் ஊராருக்குச் சொல்பவர் அவர். லா சப்பலுக்கு ஒரு நிலையம் தள்ளியுள்ள இடத்தின் பெயரால் அழைக்கப்படும் இம்மனிதரை யாழ்ப்பாணத்து வாசகர் உடனே அடையாளம் காண்பர். ஊருக்குப் பணம் அனுப்புவோரின் துயரைப் பேசும் கதைகள் தமிழில் பல. அனுப்புவோர் சொல்லும் பொய் அடுத்த தலைமுறையை எங்கே கொண்டு செல்கிறது என்னும் வினாவை நாவலின் மையமாக்கியதே தியோமின் வலிமை.

உஸ்மான் செம்பேனின் ‘கறுப்புத் துறைமுகத் தொழிலாளி’ (1956) மற்றொரு வகையில் முக்கியமானது. மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்த செம்பேன், நாவல் எழுதும் ஒரு சுமைதொழிலாளியைப் படைத்தார். அவனது கையெழுத்துப் படியை வெள்ளைப் பெண் எழுத்தாளர் ஒருவர் தம் பெயரில் வெளியிடுகிறார். உழைப்பாளி எழுத்தாளனாக முடியும் என்பதையே நீதிமன்றம் நம்ப மறுக்கிறது. வேலை முடிந்த இரவுகளில் எழுதிச் சிற்றிதழ் நடத்திய புலம்பெயர் தமிழ் எழுத்தாளருக்கு இது மிக அணுக்கமான நூல். கௌஸ் எழுதிய ‘நிற்பதற்குக் கூலி’ (2014) பாரிஸ் கடைகளில் காவலுக்கு நிற்கும் ஐவரி கோஸ்ட்டு நாட்டவரின் பார்வையில் அந்நகரின் நுகர்வு வாழ்வை எள்ளி நோக்குகிறது.

அலென் மபான்கூவின் ‘கறுப்புக் கடைத்தெரு’ (2009) சற்றுக் கடினமான கண்ணாடி. கதைசொல்லி பாரிஸில் வாழும் கொங்கோ நாட்டவன். அவனை ஓயாது இழிவுபடுத்தும் அயலவரான இப்போகிராத் வெள்ளையர் அல்லர். மார்த்தினிக் தீவின் கறுப்பர். ஒடுக்கப்பட்டோரே தமக்குள் வகுத்துக்கொள்ளும் படிநிலைகளை மபான்கூ நகைச்சுவையால் திறந்து காட்டுகிறார். சாதியை விமானத்தில் ஏற்றி வந்த சமூகம் இந்நகைச்சுவையை எளிதில் கடந்து செல்ல இயலாது. ‘காப்பிலி’ என்னும் இழிசொல் ஈழத்தமிழ்ப் பேச்சிலிருந்து புலம்பெயர்ந்த வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

நோக்கப்படும் தமிழர்

1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் இந்திய ஒப்பந்தக் கூலிகளின் முதற் கப்பல்கள் சென்றன. அவ்வாறு சென்றோருள் தமிழர் பெருந்தொகையினர். மார்த்தினிக் எழுத்தாளர் ரஃபாயெல் கொன்ஃபியான் ‘நரியின் வயிறு’ (2004) நாவலில் அவ்வரலாற்றையே புனைவாக்கினார். குவாதலூப்பின் மரீஸ் கொந்தே ‘சதுப்புக்காட்டைக் கடத்தல்’ (1989) நாவலில் ஓர் இறப்பு வீட்டில் கூடிய ஊரார் பலரின் மனக்குரல்களை அடுக்குகிறார். அவற்றுள் இந்திய வழித்தோன்றலான ராம்சரண் குடும்பத்தினரின் குரல்களும் உண்டு. கறுப்பின எழுத்தாளர் ஒருவர் தம் இந்திய அயலவரின் உள்ளத்துக்குள் புகுந்து எழுதியுள்ளார். பாரிஸைக் களமாகக் கொண்ட தமிழ்ப் புனைகதைகளில் கறுப்பின அயலவர் பெரும்பாலும் தெருவைக் கடந்து செல்லும் உருவமாகவே நின்றுவிடுகிறார். இந்தச் சமனின்மை தமிழ்த் திறனாய்வின் கவனத்துக்கு உரியது.

இந்நூல்களைப் பரிந்துரைப்போர் ஒரு பிழையைத் தவிர்த்தல் வேண்டும். ‘நம் கதையைப் போன்றதே’ எனத் தொடங்கும் வாசிப்பு, நம் கதையை மட்டுமே கண்டு மீளும். ஒப்புமை வாயிலாக உள்ளே நுழைவதில் தவறில்லை. ஒப்புமை முறியும் இடத்திலேயே நாவல் தன் புதுமையைக் காட்டத் தொடங்குகிறது. மேலும், இவற்றை நல்லொழுக்கப் பாடங்களாக முன்வைத்தல் அவற்றின் கலைக்கு இழுக்கு.

முடிவுரை

ஸ்தேனில் பள்ளி செல்லும் தமிழ்ப் பிள்ளைக்குப் பிரெஞ்சு வாசிப்பு மொழி, பெற்றோருக்குத் தமிழ். தியோமின் நாவலை நூலகத்திலிருந்து மகள் வீட்டுக்குக் கொண்டுவரலாம். தாயால் அதனைப் படிக்க இயலாது. தாய் போற்றும் ‘சிதைவுகள்’ மகளுக்கு எட்டாது. ஒரே வீட்டில் இரண்டு நூலகங்கள் ஒன்றையொன்று அறியாது இருக்கின்றன. பாரிஸ்த் தமிழரிடையே கறுப்பினப் புனைகதையை முதலில் கண்டறிவோர் இம்மக்களாகவே இருத்தல் கூடும். அவர்தம் பிரெஞ்சும் பெற்றோரின் தமிழும் புதுச்சேரி மொழிபெயர்ப்பாளரின் பயிற்சியும் ஒரு மேசையில் கூடுமாயின், முதல் முயற்சியாக ‘அத்திலாந்திக்கின் வயிறு’ தமிழில் வெளிவருதல் அரிதன்று. பார்பெஸ் மனிதரின் கதை லா சப்பலைத் தமிழில் வந்தடைய இன்னும் ஒரு நிலையத் தொலைவே எஞ்சியுள்ளது.