உச்சி, பள்ளம், கணவாய்

மெதுவடை ஒன்றைக் கிண்ணத்தில் விளிம்பின் மேல் நிமிர்த்தி வைத்து, சாம்பாரை மெல்ல ஊற்றுங்கள். முதலில் வடையின் அடி நனையும். சாம்பார் மட்டம் ஓட்டையின் அடியை எட்டியதும், அந்த மட்டத்தில் வடையின் வெட்டுமுகம் இரண்டாகப் பிரியும். ஓட்டையின் மேல்விளிம்பில் திரும்ப ஒன்று சேரும். கடைசியில் உச்சி மூழ்கும். மாற்றம் நிகழ்வது இந்த நான்கு இடங்களில் மட்டுமே: ஒரு பள்ளம், இரண்டு கணவாய், ஓர் உச்சி. உச்சியையும் பள்ளத்தையும் கூட்டிக் கணவாய்களைக் கழித்தால் பூஜ்யம். போண்டா என்றால் எப்போதும் 2. கணினியில் ஒரு பரப்பை ஆராயும்போது இந்தக் கணக்கு இடித்தால் நிரலில் பிழை இருக்கிறது என்று பொருள்.

கணிதவியலாளர் கெய்லி 1859-இல் சமஉயரக் கோடுகளை ஆராய்ந்தார். 1870-இல் மாக்ஸ்வெல் குன்றுகளையும் பள்ளத்தாக்குகளையும் இதே முறையில் எண்ணினார். மார்ஸ்டன் மோர்ஸ் இந்தக் கணக்கைப் பொதுக் கோட்பாடாக்கினார். வெட்டுமுகத்தின் ஒவ்வொரு துண்டையும் ஒரு புள்ளியாகச் சுருக்கி, வடிவத்தை எலும்புக்கூடாகக் காட்டும் வரைபடம் 1946-இல் ரீப் தந்தது. வடையின் வரைபடத்தில் ஒரு வளையம் இருக்கும், அதுதான் ஓட்டை. 1991-இல் ஷினகாவா, குனீ, கெர்கோசியன் மூவரும் இதைக் கணினிக்குக் கொண்டுவந்து, பரப்புகளைக் குறியீடாக எழுதினர்.

அழகான வழிதான், ஆனால் வடையைப் படுக்க வைத்துப் பாருங்கள்: அடியில் ஒரு புள்ளிக்குப் பதில் ஒரு வட்டமே தட்டில் உட்காரும். மாற்றம் தனித்தனிப் புள்ளிகளில்தான் நிகழ வேண்டும் என்ற மோர்ஸின் நிபந்தனை அங்கேயே உடைகிறது. எந்தத் திசையில் உயரம் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து வரைபடமும் மாறும்.

கணினியிலோ வழவழப்பே கிடையாது, முக்கோணங்கள்தான். பான்கோஃப் 1967-இல் காட்டிய வழி எளிது: ஒரு முனையைச் சுற்றி வரும்போது அண்டை முனைகள் அதைவிட மேல், கீழ் என்று எத்தனை முறை மாறுகின்றன என்று எண்ணுங்கள். மாறவே இல்லையென்றால் உச்சி அல்லது பள்ளம். 2 என்றால் சாதாரணச் சரிவு. 4 என்றால் கணவாய். 6 என்றால் குரங்குச் சேணம், இரு கால்களோடு வாலுக்கும் ஓர் இடம்!

என் பார்வையில் பெரிய திருப்பம் 2000-இல் எடல்ஸ்ப்ரன்னர், லெட்ஷர், சோமரோடியன் கொண்டுவந்த நிலைப்பு அளவை. ஸ்கேன் செய்த பரப்பில் பொய்யுச்சிகள் கொப்புளம்போல் கிளம்பும். ஒவ்வோர் உச்சியையும், அது தன்னைவிட உயர்ந்த உச்சியோடு சேரும் கணவாயுடன் ஜோடி சேர்த்தால், உயர வித்தியாசமே அதன் ஆயுள். ஆயுள் குறைந்த ஜோடியை நீக்கும்போது ஓர் உச்சியும் ஒரு கணவாயும் சேர்ந்தே போகின்றன. மாக்ஸ்வெல்லின் கணக்கு அப்படியே நிற்கிறது. எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே வெட்டுவது என்பதை மட்டும் இன்னமும் ஆள்தான் தட்டச்சு செய்கிறார்.