மனந்திரும்புதல் யார் செலவில்?

போப் பிரான்சிஸின் 'லௌதாத்தே தேயும்' மடல் குறித்து ஒரு திறனாய்வு

பருவநிலை மாற்றத்தைக் குறித்துத் திருச்சபைகள் வெளியிட்டுள்ள ஏடுகளுள் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டவை இரண்டு. ஒன்று, போப் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' என்னும் சுற்றுமடல். மற்றொன்று, அதன் தொடர்ச்சியாக 2023ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் வெளிவந்த 'லௌதாத்தே தேயும்' என்னும் அறிவுரை மடல். அவர் 2025 ஏப்ரலில் மறைந்தார். ஆயினும் அவர் எழுப்பிய வினாக்கள் ரோமன் கத்தோலிக்க சபைக்கு மட்டும் உரியவை அல்ல. 'இறைவனைப் புகழுங்கள்' என்று பொருள்படும் இரண்டாம் மடலையே இங்கு நாம் முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். எரிபொருளின் விலை ஏறும்போது மக்களிடையே எழும் எதிர்ப்பைப் புரிந்துகொள்ள இம்மடல் நமக்குத் துணைசெய்கிறதா என்பதே நம் வினா.

மடலின் சிறப்பு

மடல் சுருக்கமானது, 73 பத்திகளே உடையது. அறிவியலின் முடிவுகளை அது மழுப்பவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காக இருந்த கரியமில வாயு, 2023இல் 420 பங்கை எட்டியிருந்தது. 1988இல் நிறுவப்பெற்ற பன்னாட்டு அரசுகளின் பருவநிலைக் குழு, மனிதச் செயல்களே புவியை வெப்பமாக்கியுள்ளன என்பதில் ஐயத்திற்கு இடமில்லை என்று 2021இல் அறிவித்தது. இவ்வுண்மைகளை எள்ளி நகையாடுவோர் உளர் என்பதையும், தம் சபைக்குள்ளேயே அறிவுக்குப் பொருந்தாத கருத்துகளைத் தாம் சந்திப்பதையும் ஆசிரியர் மறைக்காமல் எழுதுகிறார். ஏழைகள் பல பிள்ளைகளைப் பெறுவதே இக்கேட்டிற்குக் காரணம் என்னும் வாதத்தை அவர் தள்ளிவிடுகிறார். அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆள் ஒன்றுக்கு வெளியாகும் வாயு, சீனத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்றும், மிக ஏழ்மையான நாடுகளின் சராசரியைப் போல் ஏழு மடங்கு என்றும் சுட்டிக்காட்டுகிறார். இவை அனைத்தும் பாராட்டற்குரியன.

ஆயினும், எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு மடல் தரும் விளக்கம் நமக்கு நிறைவளிப்பதாயில்லை. 'எதிர்ப்பும் குழப்பமும்' என்னும் பொருள்பட அமைந்த அதன் முதற்பகுதியை வாசிப்போர், உண்மையை மறுப்போர், அற்பமாக்குவோர், தவறான தகவலால் மயங்கினோர் ஆகியோரையே முக்கியமாகக் காண்பர். பிற்பகுதிகளில் பொருளாதார வல்லமையாளரின் தன்னலம் கண்டிக்கப்படுகிறது. அறியாமையும் தன்னலமும் எதிர்ப்பின் இரு ஊற்றுகள் என்பது மெய்யே. மூன்றாவது ஊற்று ஒன்றும் உண்டு. அதனைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி, இம்மடல் வெளிவருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பாவில் நடந்தேறியது.

பிரான்சு நாட்டின் அனுபவம்

பிரான்சு நாடு 2014இல் எரிபொருள் வரியோடு கரிம வரி ஒன்றைச் சேர்த்தது. ஒரு டன் கரியமில வாயுவுக்கு 7 யூரோவாகத் தொடங்கிய அவ்வரி, 2018இல் 44.60 யூரோவாக உயர்ந்தது. 2022இல் அதனை 86.20 யூரோவாக்குவதென்றும் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 2018இன் இலையுதிர் காலத்தில் கச்சா எண்ணெயின் உலக விலையும் பீப்பாய்க்கு 80 டாலரைக் கடந்தது. சந்தை விலையும் வரியும் ஒருசேர மக்கள்மேல் இறங்கின. இந்நிலையில், 2019 ஜனவரியில் டீசல் லிட்டருக்கு மேலும் 6.5 சென்ட் வரி கூடும் என்ற நிலை உருவாயிற்று.

2018 நவம்பர் 17ஆம் நாள், நாடெங்கும் 2,80,000க்கும் மேற்பட்டோர் சாலைச் சந்திப்புகளில் கூடி நின்றனர். வாகனத்தில் வைத்திருக்க வேண்டுமெனச் சட்டம் கட்டாயப்படுத்திய மஞ்சள் மேலங்கியே அவர்களுடைய அடையாளமாயிற்று. அவர்களுள் பலர் நகர்ப்புறங்களுக்கு அப்பால், பேருந்தும் இரயிலும் அரிதாயுள்ள இடங்களில் வாழ்வோர். வேலைக்கும் மருத்துவமனைக்கும் வாகனத்தையே நம்பியிருப்போர். டீசலுக்குக் குறைந்த வரி விதித்துப் பல பத்தாண்டுகளாக டீசல் வாகனங்களுக்கு ஊக்கமளித்த அரசே, இப்போது அவ்வாகனங்களை வைத்திருப்போரைத் தண்டிப்பதாக அவர்கள் கண்டனர். வானூர்தி நிறுவனங்களின் எரிபொருளுக்கோ அவ்வரி இல்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் செல்வர் மீதிருந்த செல்வ வரி நீக்கப்பட்டு, நிலம் கட்டடங்களுக்கு மட்டும் உரிய வரியாகச் சுருக்கப்பட்டிருந்தது. எரிபொருள் வரியால் கிடைத்த வருவாயில் பெரும்பகுதி பருவநிலைப் பணிகளுக்கன்றி அரசின் பொதுச் செலவிற்கே சென்றது. டிசம்பர் தொடக்கத்தில் அரசு வரி உயர்வைக் கைவிட நேர்ந்தது.

இப்போராட்டத்தில் வன்முறையும் இருந்தது. அறிவியலை மறுத்தோரும் சிலர் இருந்தனர். அவற்றை நாம் நியாயப்படுத்தவில்லை. எனினும், அந்நாட்களில் வாய்க்கு வாய் வழங்கிய சொற்றொடர் ஒன்று, உலகத்தின் முடிவையும் மாதத்தின் முடிவையும் அருகருகே வைத்தது. ஆள்வோர் உலக முடிவுக்கு அஞ்சுகின்றனர். உழைப்போர் சம்பளம் தீர்ந்துபோகும் மாதக் கடைசிக்கு அஞ்சுகின்றனர். டிசம்பர் 8ஆம் நாள் நடைபெற்ற பருவநிலைப் பேரணிகளில் மஞ்சள் மேலங்கியினர் சிலரும் சேர்ந்து நடந்து, இவ்விரண்டும் ஒரே போராட்டமே என முழங்கினர். புவி வெப்பமடைவதை இவர்கள் மறுக்கவில்லை. அதற்குரிய விலையைத் தங்கள் தலையில் மட்டும் சுமத்துவதையே மறுத்தனர். இதுவே நாம் குறிப்பிட்ட மூன்றாவது ஊற்று. மறுப்போர், மயங்கினோர் என்னும் பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை.

மடலில் காணும் குறை

எரிபொருள் பயன்பாட்டைக் குறைத்தால் வேலையிழப்பு நேரும் என்னும் அச்சத்திற்கு மடல் தன் பத்தாம் பத்தியில் விடையளிக்கிறது: பருவநிலைக் கேட்டினால் இப்பொழுதே பலர் வேலையிழக்கின்றனர், நன்கு நடத்தப்பெற்றால் புதிய ஆற்றல் முறைகள் வேலைகளைப் பெருக்கும். இது தக்க விடையே. ஆனால் அம்மாற்றம் நிறைவேறும் இடைக்காலத்தில் விலையேற்றத்தைச் சுமப்பவர் யார் என்ற வினாவை மடல் நேராக எதிர்கொள்ளவில்லை.

இதில் வியப்பிற்குரியது ஒன்றுண்டு. இவ்வினாவுக்கான திறவுகோல் போப் பிரான்சிஸின் முதல் மடலிலேயே கிடக்கிறது. 'லௌதாத்தோ சி'யின் 170ஆம் பத்தி, வாயு வெளியீட்டைக் குறைக்கும் சில திட்டங்கள் ஏழை நாடுகளின்மேல் பளுவான கடமைகளைச் சுமத்தக்கூடும் என எச்சரிக்கிறது. சுற்றுச்சூழலைக் காக்கும் போர்வையில் புதியதோர் அநீதி இழைக்கப்படும் என்றும் அங்கே உணர்த்தப்படுகிறது. நாடுகளுக்கிடையே அவர் கண்ட இந்நீதியை, ஒரே நாட்டின் குடிகளுக்கிடையே அவர் விரித்துரைக்கவில்லை. அதே மடலின் 211ஆம் பத்தி, பொது வாகனத்தில் செல்வதையும் வாகனத்தைப் பிறரோடு பகிர்வதையும் அன்றாட நற்செயல்களாகப் போற்றுகிறது. பேருந்தே வராத ஊரில் வாழ்பவன் இந்நற்செயலை எங்ஙனம் செய்வான்? தெரிந்துகொள்ளும் உரிமை இல்லாத இடத்தில், ஒழுக்கப் போதனை குற்றச்சாட்டாகவே காதில் விழுகிறது.

இங்கு லேவியராகமம் ஐந்தாம் அதிகாரத்தை நம் வாசகர் நினைவுகூர்வது நலம். பாவநிவாரண பலிக்கு ஆட்டைக் கொண்டுவர வேண்டியவன், அதற்கு வசதியில்லையேல் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் இயலாதவன் ஒரு அளவு மாவைக் கொண்டுவரலாம். பாவம் ஒன்றே, செலுத்த வேண்டியதோ அவனவன் நிலைமைக்குத் தக்கது. ஏழையும் வெறுங்கையாய் வருவதில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். ஆதலால் இச்சட்டம் இரு சாராரையும் கடிந்துகொள்கிறது: எல்லாரிடமும் ஆட்டையே கேட்கும் அரசையும், விலையேற்றத்தைக் காட்டி எவரும் எதுவும் கொடுக்கத் தேவையில்லை எனக் கூறும் அரசியலாரையும்.

எழக்கூடிய ஒரு மறுப்பு

வருவாயை மக்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்று சிலர் வினவலாம். கனடா நாடு அவ்வாறே செய்து பார்த்தது. 2019 ஏப்ரலில், சொந்தத் திட்டம் இல்லாத மாநிலங்களில் எரிபொருளின்மேல் நடுவணரசு கட்டணம் விதித்து, வருவாயின் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்குத் திருப்பியளித்தது. தொடக்கத்தில் டன்னுக்கு 20 டாலராயிருந்த கட்டணம் 2024இல் 80 டாலராயிற்று. எனினும் எதிர்ப்பு வளர்ந்தது. 2025 ஏப்ரல் 1ஆம் நாள் மக்கள் மீதான கட்டணம் நீக்கப்பட்டது. எரிபொருள் நிலையத்தில் கொடுக்கும் பணம் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரிகிறது. திரும்பி வரும் பணமோ எளிதில் தெரிவதில்லை. தமக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பலர் அறியாதிருந்தனர். ஆகவே, பங்கீடு நேர்மையாயிருப்பது மட்டும் போதாது. அது நேர்மையானது என மக்கள் நம்பவும் வேண்டும். அந்நம்பிக்கையை ஒரு கணக்கு அட்டவணையால் உண்டாக்க இயலாது.

நம் கடன்

பிரான்சு அரசு பின்னர் சீட்டெடுப்பின் மூலம் 150 குடிமக்களைத் தெரிந்தெடுத்து, 2019 அக்டோபர் முதல் 2020 ஜூன் வரை பருவநிலையைக் குறித்து ஆராயச் செய்தது. அவர்கள் 149 முன்மொழிவுகளை அளித்தனர். அவை அனைத்தும் நிறைவேறவில்லை என்பது வேறு செய்தி. செலவைச் சுமக்க வேண்டியோர் முன்கூட்டியே கலந்தாலோசிக்கப்பட்டனர் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. அதனைத் தெருவில் நடந்த போராட்டத்திற்குப் பின்னரே அரசு செய்தது.

படைப்பைப் பேணுவது குறித்து நம் பிரசங்க பீடங்கள் இனியும் பேசாதிருக்க முடியாது. 2024ஆம் ஆண்டு தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட 1.5 பாகைக்கு மேலாக வெப்பமடைந்தது. காலம் குறுகியது என மடல் கூறுவது உண்மை. ஆனால் மனந்திரும்புங்கள் என்று அழைப்போர், அதன் செலவு யார்மேல் விழும் என்பதையும் உடன் சொல்லக் கடமைப்பட்டவர்கள். விலையேற்றத்தை எதிர்ப்பவனை உடனே அறிவிலி என்றோ அவிசுவாசி என்றோ ஒதுக்கிவிட்டால், அவனை மறுப்போரின் கூடாரத்திற்கு நாமே அனுப்பிவைத்தவர்களாவோம். போப் பிரான்சிஸின் மடலை நம் மாணவர் வாசிக்கட்டும். வாசிக்கும்போது அதன் 10ஆம் பத்திக்கு அருகில், முந்தைய மடலின் 170ஆம் பத்தியையும் வைத்து வாசிக்கட்டும். அவ்விரண்டிற்கும் இடையே எழுதப்படாது நிற்கும் பகுதியை எழுதுவது, நம் சபைகளின் இறையியலார்முன் உள்ள பணியாகும்.