பாட்டியின் குரலும் பேரனின் பாட்டும்

நாட்டுப்புறப் பாடலுக்குப் புத்துருவம் கொடுக்க முனைவோர் பெரும்பாலும் மெட்டையும் தாளத்தையுமே மாற்றுகின்றனர். பழைய சொற்களுக்குப் புதிய கருவிகளைத் துணை சேர்த்துவிட்டாலே புதுமை பிறந்துவிடும் என்று கருதுவோரும் உளர். வாய்மொழிப் பாடலின் உயிரோ, அதனை யார், யாரை விளித்து, எந்நிலையில் பாடுகிறார் என்பதில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் தனிப்பாடலை இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.

அறிவும் தீயும் பாடிய இப்பாடலுக்கு இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். ராப் பாணியில் தேர்ந்த அறிவு, அரக்கோணத்தைச் சேர்ந்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அவருடைய பாட்டி சொன்ன கதைகளே பாடலுக்கு ஊற்றாயின. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்க வகைசெய்தது. இதனை நினைவிற்கொண்டால், ஒரு குடும்பத்தின் கதை ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாறாக விரிவதைக் காணலாம்.

பாடலின் வெற்றி 'எஞ்சாமி' என்ற ஒரு சொல்லில் அடங்கியுள்ளது எனலாம். 'என் சாமி' என்பதன் பேச்சு வடிவம் அது. நிலமற்ற கூலியாள் நிலவுடைமையாளர்முன் கைகட்டி நின்று சொன்ன சொல்லும் அதுவே. பாட்டி பேரனை மடியிலிருத்திக் கொஞ்சும் சொல்லும் அதுவே. பணிவின் விளியாயிருந்ததைப் பாசத்தின் விளியாக மீட்டெடுக்கிறது பாடல். நிலம் எல்லா உயிர்க்கும் பொது என்று கொண்டாடும் குரலுக்கிடையே, நட்டு வளர்த்தவருக்கே தோட்டத்தின் பயன் கிட்டாத அவலம் ஒப்பாரியாக எழுகிறது.

குறையும் உண்டு. துள்ளலிசையின் விரைவு அவ்வொப்பாரியை நெஞ்சில் தங்கவிடுவதில்லை. ஆடிக் களிப்பவர் அழுகையைக் கேளாமலே கடந்துவிடக்கூடும்.

இப்பாடலின் ஆக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்ற சர்ச்சை 2022இல் பொதுவில் எழுந்தது. ஊரார் வாய்மொழி ஒலிப்பதிவாகி விலைபெறும்போது தவறாமல் எழும் வினா இது. 2024இல் தம் இசைத்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டார் அறிவு. கதை தந்தவரின் பெயர் இவ்வாறு முகப்பிலேறியது பாராட்டத்தக்கது.

சுங்கை சிப்புட் வாழ் தமிழருக்கு இப்பாடல் அயலானதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், பால்மரம் வெட்டியவரே தோட்டத்துக்கு உடைமையாளராக வேண்டும் என்ற நோக்குடன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த மண் இது. பாடல் எழுப்பும் நிலவுரிமை வினாவுக்கு இம்மண்ணின் மைந்தர் கூட்டுறவின் வழி விடை தேடினார்.

நிலத்தைப் போலவே பாட்டும் நம் உடைமைதான். ஆயின், லயங்களில் ஒலித்த தாலாட்டும் ஒப்பாரியும் பாட்டிமாரோடு மறைந்து வருகின்றன. மாணவர்கள் அவற்றைக் கேட்டு, பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பாடிய சூழல் ஆகியவற்றோடு எழுதிவைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் அதற்கு வழிகாட்டுதல் வேண்டும். புதிய இசை பின்னர் வரட்டும். முதலில் குரலுக்குரியவர் பெயர் நிலைபெறட்டும்.