பயந்தாங்கொள்ளி கோபால்

2011-இல் மலேசியாவின் டிவி3-யில் தொடங்கிய 'போபோய்பாய்' மலாய்க் கார்ட்டூனில் நாயகனைவிட எனக்குப் பிடித்தவன் அவன் கூட்டாளி கோபால். பகாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவன் பக்கத்து லயத்துப் பையன் மாதிரி.

வில்லன் அடுடு ரோபோவோடு வந்தால் முதல் அலறல் கோபாலுடையதுதான். மலாய் வசனத்துக்கு நடுவே "டேய்!" என்று ஒன்று விழும், வீடே சிரிக்கும். பொருளைத் தின்பண்டமாக மாற்றும் சக்தி அவனுக்கு. உலகைக் காக்கக் கிடைத்த வரம், கடைசியில் வயிற்றுக்குத்தான் போய்ச் சேரும்! இந்தியப் பையன் என்றால் சாப்பாட்டு ராமனா என்று சிலர் முணுமுணுக்கலாம். நியாயம்தான்.

ஆனால், 'கரகாட்டக்காரன்' படத்தில் செந்தில் வாழைப்பழத்துக்கு உதை வாங்கிச் சிரிக்கவைத்தார். கோபால் சிரிக்கவைப்பது உதை வாங்கி அல்ல. நடுங்கிக்கொண்டே நண்பனின் முதுகைப் பிடித்துக்கொள்வான், வாயில் மென்றபடி.