ஊசித்தட்டானை இனங்காணல்: களப் படத்தின் வலிமையும் வரம்பும்

தருமபுரி மாவட்டத்தில் காவிரி, சின்னாறு, தென்பெண்ணை ஆகிய ஆறுகளின் கரைகளிலும் ஏரி விளிம்புகளிலும் காணப்படும் ஊசித்தட்டான்களை, அதாவது அமரும்போது பெரும்பாலும் இறக்கைகளை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும் மெல்லுடல் தட்டான்களை, ஒளிப்படத்தைக் கொண்டே சிற்றினம் வரை பெயரிடுவது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் பயனுள்ளதே, ஆனால் அதன் மேல் ஏற்றப்படும் நம்பிக்கை, அது தாங்கக்கூடிய எடையைவிடச் சில இடங்களில் மிகுதியாக உள்ளது.

1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த எஃப். சி. ஃப்ரேசரின் இந்தியத் தட்டான் நூல், இறந்த உடலில் நிறம் மங்கிவிடும் என்பதால், உடலமைப்பையும் இறக்கை நரம்புகளையும் பெரிதும் சார்ந்திருந்தது. உயிருள்ள பூச்சியின் கண் நிறம், மார்புக் கோடுகளின் நிறம் போன்ற, பதப்படுத்திய மாதிரியில் கிடைக்காத செய்திகளைப் படம் காப்பாற்றித் தருகிறது. ஒகேனக்கல்லை அடுத்த காடுகளை உள்ளடக்கி 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பின், வனத்துறை அனுமதியின்றி அங்கே வலைவீச இயலாது என்பதும் படத்தின் பக்கம் நிற்கும் வலுவான காரணம்.

படத்தை நம்புவதிலுள்ள சிக்கல், சூடாக்ரியான் பேரினத்தின் நீல நிறச் சிற்றினங்களில் தெளிவாகத் தெரிகிறது. மைக்ரோசெஃபாலம், மலபாரிகம், ஆஸ்திரலேசியே என்னும் மூன்று சிற்றினங்களின் ஆண்களும் கருங்கோடிட்ட நீல உடலும் நீல வால்நுனியும் கொண்டவை. இவற்றைப் பிரிப்பதற்கு உறுதியான சான்று, இணையும்போது பெண்ணின் கழுத்தருகே பற்றிக்கொள்ள உதவும், வயிற்று நுனியிலுள்ள பற்றுறுப்புகளின் வடிவம். முதுகுப்புறத்திலிருந்து எடுத்த அழகிய படத்தில் இவை வெறும் கரும்புள்ளியாகத் தேய்ந்துவிடுகின்றன. பக்கவாட்டில், நுனியைக் குவியப்படுத்தி எடுத்த அழகற்ற படமே ஆய்வுக்கு உதவும்; ஆயினும் பலரும் சேமித்து வைப்பது முன்னதைத்தான்.

பெண்களில் நிலைமை இன்னும் கடினம். இஸ்னுரா செனகலென்சிஸின் பெண்களில் ஒரு வகை ஆணைப் போலவே நிறம் கொண்டது. மற்றொரு வகை இளமையில் செம்மஞ்சளாக இருந்து, முதிர்ந்தபின் மங்கிப்போவது. இளமையில் செந்நிறமுடைய அக்ரியோக்னெமிஸ் பிக்மியாவின் பெண்ணோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. பிக்மியா கண்கூடாகச் சிறியது என்பதால் நேரில் பார்ப்பவர் ஐயமின்றிப் பிரித்துவிடுவார். அளவுகோல் இல்லாத நெருக்கப் படமோ இரண்டையும் ஒரே உருவாக்கிவிடுகிறது. படம் எடுத்தவரே களத்தில் அளவைக் குறித்திருந்தால் தீர்ந்துவிடும் குழப்பம் இது.

கையில் பிடித்து உருப்பெருக்கியால் நுனியையும் முன்மார்பின் பின்விளிம்பையும் பார்த்துவிட்டு விடுவிப்பதே உறுதியான முறை. ஆனால் அண்மையில் தோலுரித்து வெளிவந்த பூச்சியின் இறக்கை மென்மையானது, விரல் பட்டால் கசங்கிவிடும். எனவே அம்முறையும் குறையற்றதன்று. நுனி தெரியாத படங்களைப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதைத் தோல்வியாகக் கருதும் மனநிலைதான் பட்டியல்களைக் கெடுக்கிறது. ஆணோடு இணைந்துள்ள பெண்ணுக்கு ஆணின் பெயரையே கொடுக்கும் குறுக்குவழியும் பெரும்பாலும் பலிக்கிறதே தவிர, வேறு சிற்றினத்துப் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் ஆண்களும் உண்டு என்பதால் அதைத் தனிச் சான்றாக ஏற்க முடியாது.